எங்கே போகிறார் என்று தெரிந்துவிட்டது, அத்தை

என்னைத் திட்டியும் சோறு போட்டும் வளர்த்த அத்தை பேச்சியம்மாவுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. போன இடத்தில் உங்களுக்கு முழங்கால் வலி இருக்காது, மாடிப்படி இருக்காது, ரேஷன் கடை வரிசையும் இருக்காது. நன்றாகத்தான் இருப்பீர்கள். ஆனால் நிம்மதியாக இருப்பீர்களா என்பதுதான் எனக்கு இத்தனை நாளும் சந்தேகம். உங்களை எனக்குத் தெரியாதா? அங்கேயும் பக்கத்தில் கிடைத்த யாரையாவது பிடித்து நிறுத்தி, "இந்தப் பய எங்க போறான்னு தெரியலையே" என்று புலம்பிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

அந்தப் புலம்பலை இன்றோடு நிறுத்திவிடலாம். தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் உங்கள் மகனை ரகசியமாகவா திட்டினீர்கள்? மட்டாஞ்சேரியில் நம் தெருவில் மலையாளம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கொங்கணி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், குஜராத்திக்காரர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் புரிகிற மாதிரி ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்திருந்தீர்கள். "வேகபாண்டு! வேகபாண்டைப் பெத்து வச்சிருக்கேன்!" நீங்கள் தெரு கூட்டும் வேலை பார்த்த காலத்தில், வேலையைப் பாதியில் போட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனவர்களை மேற்பார்வையாளர் ஒருவர் அப்படித் திட்டுவாராம். அவரிடமிருந்து பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்து வளர்த்தீர்கள். ஊரைக் கூட்டிக் குற்றம் சாட்டிவிட்டு, விடுதலையை மட்டும் காதோடு காதாகச் சொன்னால் நியாயமா? உங்கள் மகனுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. அம்மா கோவிச்சுக்கும், ஆனா அப்புறம் நல்லாத் தூங்கும்" என்று சிரித்தார்.

நம் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் முருகேசன் இடப்பள்ளியில் ஒரு பெரிய கடைக் கட்டடத்தில் ஏசி பராமரிப்பு வேலை பார்க்கிறார். காலையில் சீக்கிரம் போய்விட்டு, வெயில் தாழும்போது வீட்டுக்கு வந்துவிடுவார். குளிப்பார், சாயா குடிப்பார், விளக்கேற்றும் நேரம் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருவார். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி. எங்கள் கல்யாணம் ஆன வாரத்தில்கூட இதற்கு விடுமுறை கிடையாது.

எங்கே போகிறார்? அதைத்தான் கேட்க முடியாதே! நம் வீட்டில் உங்கள் சட்டம் ஒன்று உண்டு. கிளம்புகிற ஆளைப் பார்த்து 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் கிளம்பியவர் உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போக வேண்டும். தென்காசியில் என் பிறந்த வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டுதான். ஆனால் அங்கே "தூரமா?" என்று சுற்றி வளைத்தாவது கேட்டுவிடுவோம். நீங்கள் அதற்கும் விடமாட்டீர்கள். வந்த புதிதில் ஒரு தடவை கேட்டுவிட்டு, நீங்கள் பார்த்த பார்வையில் தோசைக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

சரி, திரும்பி வந்த பிறகு கேட்கலாமே என்றால், "சும்மா, இங்கதான்" என்பார். அதோடு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். கடைசியில் என்ன ஆயிற்று? ஒரு மனிதர் தினம் சாயங்காலம் எங்கேயோ போகிறார், அது எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரே அடுக்களையில் இரண்டு பெண்கள் தவியாய்த் தவிக்கிறோம், இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். "நீ பொண்டாட்டி, நீ கேளு" என்பீர்கள். "நீங்க பெத்தவங்க, நீங்க கேளுங்க" என்பேன். எங்கள் மகள் நித்யா சின்னவளாக இருந்தபோது அவளை ஒற்று வேலைக்கு அனுப்பினீர்கள், ஞாபகமிருக்கிறதா? அவர் அவளுக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி தன் வழியே போய்விட்டார். ஒற்றர் வாயெல்லாம் சிவப்பு நிறம், செய்தி ஒன்றும் இல்லை.

இதைச் சொல்லிச் சிரிக்கிறேனே தவிர, அடியில் இருந்தது பயம். அது உங்கள் பயம். மாமாவும் இப்படித்தான் "சும்மா" என்று சாயங்காலங்களில் கிளம்பத் தொடங்கினாராம். தண்ணீருக்கு அக்கரையில் வைப்பினில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது, அந்த வீட்டில் இன்னொருத்தி இருந்தாள் என்று கடைசியில்தான் உங்களுக்குத் தெரிந்தது. பிறகு ஒருநாள் போனவர் வரவேயில்லை. நீங்கள் துடைப்பத்தைக் கையில் எடுத்தீர்கள், மகனை ஆளாக்கினீர்கள். அந்த மகன் செருப்பை மாட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்கள் முகம் எப்படி மாறும் என்று நான் பார்த்திருக்கிறேன். கூடவே இருந்து இருந்து அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆசுபத்திரியில் கடைசியாக நீங்கள் நினைவோடு பேசிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "மோளே, அவன் அப்பன் காலு இவனுக்கும் வந்திருச்சு. எங்க போறான்னு கண்டுபிடி. தெரிஞ்சா எனக்கு வந்து சொல்லு." எங்கே வந்து சொல்வது அத்தை என்று கேட்கவில்லை. சரி என்றேன்.

உங்களுக்கு வருஷ திதி கொடுத்து முடித்த பிறகு, இந்த ஐப்பசியில் அது நடந்தது. சஷ்டி விரதம். அவர் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. வேலைக்கும் போய்விட்டு வந்து, வழக்கம்போல் கிளம்பினார். நான் விளக்கேற்றிவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் நம்பரிலிருந்து போன். எடுத்தால் ஒரு பெண் குரல்.

"சரசு சேச்சியல்லே? பேடிக்கண்டா. முருகேசன் சேட்டன் இவிடெ ஒன்னு வீணு. இப்போ குழப்பமில்லா. சேச்சி ஒன்னு வரணே."

பயப்பட வேண்டாமாம். அவர் விழுந்துவிட்டாராம், இப்போது பரவாயில்லையாம், நான் வர வேண்டுமாம். எல்லாம் புரிந்தது. ஆனால் என் காதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். பெண் குரல். அதுவும் என் பெயர் தெரிந்த பெண் குரல். எங்கே என்று கேட்டேன். போர்ட் கொச்சி ஜெட்டி, வைப்பின் ஜங்கார் நிற்கிற இடம் என்றாள். வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற அந்தப் படகில்தானே மாமாவும் போனார்?

அடுத்து நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். நைட்டியைக் கழற்றிவிட்டு, பீரோவைத் திறந்து, நித்யா காலேஜில் சேர்ந்தபோது எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். விழுந்துவிட்டார் என்று செய்தி வந்த பிறகு எவளாவது புடவை தேடுவாளா? நான் தேடினேன். அவள் முன்னால் கசங்கிய நைட்டியோடு போய் நிற்க எனக்கு மனசில்லை. ஆட்டோவில் பஜார் ரோடு முழுக்க அவளுக்கு என்ன வயதிருக்கும், பிள்ளை இருக்குமா, பிள்ளைக்கு அவர் ஜாடை இருக்குமா என்றே யோசித்துக்கொண்டு போனேன். "உயிரோடு இருக்கட்டும், முருகா. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்" என்றும் ஒருபக்கம் வேண்டிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட வேண்டுதல் பாருங்கள்.

ஜெட்டியில் சாயாக்கடைப் பெஞ்சில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். காலுக்கு அடியில் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து உயரம் கொடுத்திருந்தார்கள். டிக்கெட் கொடுப்பவர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். தலைமாட்டில், போன் செய்த அந்தப் பெண்.

பெயர் ரோஸம்மா. தலை முழுக்க நரை. முன்பல் இரண்டும் இல்லை. நைட்டிதான் போட்டிருந்தார், தோளில் ஒரு துவர்த்துத் துண்டு. கையில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. "விரதம், வேண்டாம்" என்று இவர் வாயை மூடிக்கொண்டிருக்க, "விரதமோ! குடிக்கெடா மோனே!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அத்தை, உங்களையே நைட்டியில் பார்த்த மாதிரி இருந்தது.

என் பச்சைப் புடவையை ஏற இறங்கப் பார்த்தவர், "கல்யாணத்தினு போயதாணோ?" என்று கேட்டார். கல்யாண வீட்டிலிருந்து நேரே வருகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் ஆமாம் என்றே தலையாட்டிவிட்டேன். பிறகு குரலை இறக்கி, "இவர் இங்கே அடிக்கடி வருவாரா?" என்று கேட்டேன்.

"எந்நும் வரும், மோளே. ஜங்காரில் அக்கரெ போகும். அவிடெ இறங்கில்லா. அதே ஜங்காரில் திரிச்சு வரும். ஒரு சாயா. பின்னே வீடு. எத்ர கொல்லமாயி!"

தினமும் வருகிறார். அக்கரைக்குப் போகிறார். அங்கே இறங்குவதுகூட இல்லை. அதே படகில் திரும்பி வந்து, ஒரு சாயா குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். வருஷக் கணக்காக இவ்வளவுதான். அந்த ஈரப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் விழுந்ததற்காக அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் தேற்றினார்கள். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று யாரிடம் சொல்ல? உங்களிடம்தான் சொல்ல முடியும்.

இருந்தாலும் விழுந்த மனிதர் அல்லவா? ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். நித்யாவும் களமசேரியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அங்கேதான் இப்போது இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிறாள். "ஹார்ட்டினு ஒரு குழப்பமுமில்லா, கேட்டோ" என்று சின்ன வயது டாக்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லையாம். வேகஸ் என்று ஒரு நரம்பாம். மூளையில் தொடங்கிக் கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு குடல்வரை போகிறதாம். வெறும் வயிற்றோடு, புழுக்கத்தில், கூட்டத்துக்குள் நெடுநேரம் நின்றால் சிலருக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிடுமாம். நெஞ்சுத் துடிப்பு மெதுவாகி ஆள் சாய்ந்துவிடுவாராம். படுக்க வைத்தால் தானே தெளிந்துவிடுமாம். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வேறு மருந்துகூட இல்லை.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் நித்யா போனை எடுத்து எதையோ தேடினாள். பிறகு அவளுடைய அச்சம்மாவான உங்களை நினைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, அச்சம்மா அப்பாவை விளிக்கிற வாக்கு ஓர்மையிருக்கா? அதுவும் இந்த நரம்பும் ஒரே குடும்பமாக்கும்!"

லத்தீனில் வேகஸ் என்றால் அலைகிறவன் என்று அர்த்தமாம். தலையிலிருந்து கிளம்புகிற மற்ற நரம்புகளில் பெரும்பாலானவை முகத்தோடும் கழுத்தோடும் நின்றுகொள்ள, இது மட்டும் உடம்புக்குள் ஊர் சுற்றுவதால் இந்தப் பெயர். அதே வேரில் பிறந்ததுதான் உங்கள் வேகபாண்ட். ஓரிடத்தில் தரிக்காமல் நடந்துகொண்டிருப்பவன். முதலில் அதில் பெரிய வசை ஒன்றும் இல்லையாம். வீடும் வேலையும் இல்லாமல் திரிகிறவர்களைப் பிடித்துத் தண்டிக்க இங்கிலீஷ்காரர்கள் சட்டம் எழுதினார்கள், அந்தச் சட்டத்துக்குள் போன பிறகுதான் வார்த்தையின் முகம் மாறிப்போனதாம்.

நித்யா விடவில்லை, அந்தக் குடும்பம் முழுவதையும் அறிமுகப்படுத்தினாள். தெளிவில்லாமல் பேசுவதற்கு 'வேக்' என்கிறார்களே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். அர்த்தம் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறதாம். அவருடைய "சும்மா, இங்கதான்" இருக்கிறதே, அதைவிட வேக்கான பதில் உலகத்தில் உண்டா? 'எக்ஸ்ட்ராவகன்ட்' என்றால் எல்லையைத் தாண்டி அலைவது. இப்போது ஊதாரியை அப்படிச் சொல்கிறார்கள். மனம் போன போக்குக்கு 'வேகரி'. 'வேக்ரன்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் திரிகிறவன் என்றே பொருள். ஆனால் அது வேறு குலத்தில் பிறந்து, பிறகு இந்தக் குடும்பத்தோடு வந்து ஒட்டிக்கொண்டு, ஜாடையும் இவர்களைப் போலவே ஆகிவிட்டதாகச் சொல்கிறார்களாம். "அப்போ அதுதான் நான்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நமக்கும் எத்தனை வார்த்தைகள்! ஊர்சுற்றி, நாடோடி, தேசாந்திரி. தேசாந்திரி என்றால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, ஊர்சுற்றி என்றால் விளக்குமாற்றைத் தேடத் தோன்றுகிறது. இருவரும் நடப்பது ஒரே ரோட்டில்தான். பரதேசி என்று எங்கள் ஊரில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இங்கே ஜூத்தெருவில், கடல் கடந்து வந்து குடியிருந்த யூதர்களுக்கு மரியாதையாகவே அந்தப் பெயர் இருந்தது. அப்படியானால் வசை எங்கே இருக்கிறது? வார்த்தையிலா, சொல்கிறவர் தொண்டையிலா? நித்யா இன்னொன்றும் சொன்னாள். கிரகத்துக்கு இங்கிலீஷில் வைத்த 'பிளானட்' என்ற பெயருக்கும் கிரேக்கத்தில் அலைவது என்றுதான் அர்த்தமாம். சனி பிடித்துத்தான் இவன் அலைகிறான் என்று எள் விளக்கு ஏற்றினீர்களே, அத்தை, அந்தச் சனியே ஒரு ஊர்சுற்றிதான்!

மறுநாள் காலை ஆசுபத்திரியிலேயே, நித்யா இட்டலி வாங்கப் போன நேரத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். படுத்திருக்கிறவரிடம் கேட்டால் சகுனத்தடை ஆகாது அல்லவா? "தினமும் அந்த ஜங்காரில் ஏன் போறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள இருக்க முடியல, சரசு. அவ்வளவுதான். பின்னே ஒண்ணுமில்ல."

"ஏன்?"

"சின்னப் பிள்ளையில அந்த நேரத்துலதான் அம்மா வாசப்படியில உக்காந்து தெருவைப் பாத்துட்டே இருக்கும். சோறு தின்னாது. பேசாது. 'போய் ஜெட்டியில பாருடா, அப்பா வர்றாரான்னு' சொல்லும். நான் ஓடுவேன். ஒவ்வொரு படகா வரும், ஆளுங்க இறங்குவாங்க, அவர் இருக்க மாட்டார். திரும்பி வந்து 'வரலம்மா'ன்னு சொல்லணும். அதைச் சொல்லத்தான் கஷ்டமா இருக்கும். அப்புறம் அம்மா என்னை அனுப்புறதை நிறுத்திருச்சு. என் காலு நிறுத்தல."

அத்தை, உங்களுக்கு இது மறந்துபோயிருந்ததா? அவர் அப்பன் கால் என்று நீங்கள் நினைத்தீர்கள். அந்தக் கால்களை அந்தப் பக்கம் அனுப்பியது நீங்கள்தான். கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கும் துளிக் கோபம் இல்லை. வேறு யாரை அனுப்பியிருப்பீர்கள்? வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

"இப்பவும் அவரையா தேடறீங்க?" என்று கேட்டேன்.

"சேச்சே. அவர் எப்பவோ செத்துப்போயிருப்பார். ஆளுங்க இறங்கறதைப் பாக்க நல்லாருக்கும், சரசு. கையில பை, மீனு, பிள்ளைக்குப் பலகாரம். எல்லாரும் வீட்டுக்குத்தானே போறாங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். நித்யா இட்டலியோடு வந்துவிட்டாள். அவர் விரதத்தையெல்லாம் மறந்து நன்றாகச் சாப்பிட்டார். எத்தனையோ வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. நானும் அவர் தட்டிலிருந்தே இரண்டு எடுத்துத் தின்றேன்.

இப்போது சாயங்காலம் நானும் அவரோடு போகிறேன். முதல் நாள் கூச்சப்பட்டார். வழியில் கல்வத்தி தாண்டும்வரை நாலடி முன்னாலேயே நடந்தார். ஜங்காரில் நிற்கவிடாமல் ஓரமாகப் பிடித்து உட்கார வைக்கிறேன், பையில் தண்ணீரும் கடலை மிட்டாயும் வைத்திருக்கிறேன். காற்று நன்றாக இருக்கிறது, அத்தை. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் அந்த நேரத்துத் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. ரோஸம்மா என்னிடம் சாயாவுக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார், தினமும் சண்டை.

விளக்கேற்றி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறோம். நித்யாவிடம் ஒரு சாவி இருக்கிறது. அவள் எங்களுக்கு முன்னால் வந்தால் தானே திறந்துகொண்டு, தானே போட்டுத் தின்றுவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். யார் எப்போது வருவார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு நம் வீட்டு வாசல்படியில் இனி ஒரு பெண்ணும் உட்கார மாட்டாள். நான் உட்கார மாட்டேன். என் மகளும் உட்கார மாட்டாள். நீங்களும் எழுந்திருங்கள், அத்தை. நேரமாகிவிட்டது. உள்ளே போய்ச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகனுக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிற
உங்கள் மருமகள்
சரசு
மட்டாஞ்சேரி